வேறு அறைக்குச் செல்லவும்: ஓர் அறிவுரையின் வரலாறு

தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் செல்ல வேண்டும். கண் சொக்கும்போதுதான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். தூக்கமின்மைக்கான செயலிகள் பலவும் இன்று பதின்வயதினருக்குச் சொல்லும் இந்த அறிவுரை, 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் முன்வைத்த ‘தூண்டல் கட்டுப்பாடு’ என்னும் முறையிலிருந்து வந்தது. விழித்தபடி புரண்டு கிடக்கும் இரவுகள் பெருகினால் படுக்கையே விழிப்பின் அடையாளமாகிவிடும். அந்தப் பிணைப்பை அறுக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர், படுக்கையில் கழியும் நேரத்தைக் குறைத்து எழும் நேரத்தை நிலைப்படுத்தும் முறையை வெளியிட்டனர். எண்ணங்களைச் சீரமைக்கும் பயிற்சியும் இவற்றோடு சேர, அறிதல்-நடத்தைச் சிகிச்சை உருப்பெற்றது.

விதிகளும் நாட்குறிப்பும் கணக்கும் நிறைந்த இச்சிகிச்சை கணினிக்குள் எளிதில் குடியேறியதில் வியப்பில்லை. 2004-இல் சுவீடனில் இணையவழிச் சோதனை வெளியாயிற்று. 2015-இல் நெதர்லாந்தில் 12 முதல் 19 வயதுடைய 116 பேரிடம் நடந்த ஆய்வில், இணையவழிச் சிகிச்சையும் நேரில் நடந்த குழுச் சிகிச்சையும் பயன் தந்தன. மனச்சோர்வுக்கான கிளை தனியே வளர்ந்தது: 2001-இல் ஆஸ்திரேலியாவின் ‘மூட்ஜிம்’, 2012-இல் நியூசிலாந்தின் ‘ஸ்பார்க்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு. 2017-இல் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களிடம் நடந்த ஆய்வு இரு கிளைகளையும் இணைத்தது எனலாம். தூக்கத்துக்கு மட்டுமே சிகிச்சை தரப்பட்டது. மனச்சோர்வும் ஓரளவு தணிந்தது.

இனி அந்த அறிவுரையைத் தமிழில் பெயர்த்து தாராவிக்குக் கொண்டுசெல்வோம்.

நான் வாழும் நெருள், 1970-இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்டுக் கட்டிய நவி மும்பையின் ஒரு பகுதி. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இங்குப் பெயர்ந்த குடும்பங்களின் அடுக்ககங்களில் ‘வேறு அறை’ என்பது பொருளுள்ள சொல். தாராவித் தமிழிலோ வீட்டையே ‘ரூம்’ என்பர். வேறு ரூமுக்குப் போ என்றால் அடுத்தவர் வீட்டுக்குப் போ என்று பொருள்! மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராயினும் இந்த இடரைச் சொல்லால் தீர்க்க முடியாது; அறிவுரைக்குள்ளேயே ஒரு வீட்டின் வரைபடம் இருக்கிறது.

‘படுக்கை’ என்னும் சொல்லையும் பார்க்கலாம். ‘வருகை’, ‘இருக்கை’ போலவே வினையிலிருந்து பிறந்த இப்பெயர் படுத்தலையும் படுக்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். ஒற்றை அறை வீட்டில் அது இரவில் விரித்துக் காலையில் சுருட்டப்படுவது. படுக்கை உறங்க மட்டுமே என்ற பூட்சினின் இரண்டாம் விதியைக் கட்டிலைவிடப் பாயே நன்றாகக் காக்கிறது. (குழாயில் அதிகாலையில் தண்ணீர் வரும் சந்துகளில், எழும் நேரத்தை நிலைப்படுத்த ஸ்பீல்மன் வர வேண்டியதில்லை.) சிக்கல் மூன்றாம் விதியில்தான்.

அதற்கும் விடை பழைய ஆய்வுகளிலேயே கிடக்கிறது. 1979-இல் ஸ்வார்ட், லிஸ்மன் என்னும் இருவர், தூக்கம் வராதவர்களை எழுந்து போகச் சொல்லாமல், படுக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து ஏதேனும் செய்யச் சொல்லிப் பார்த்தனர். அதுவும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. அப்படியானால் வேலை செய்தது இரண்டாவது அறை அன்று. புரண்டு கிடப்பதை நிறுத்தியதே. செயலிகளைத் தமிழாக்க முனைவோர் 1972-ஐ மட்டும் பெயர்த்து 1979-ஐ விட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

பேச்சுக்கும் அறை வேண்டும். ஒன்றிய அரசின் ‘டெலி-மானஸ்’ (14416) 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். ஆனால் ஐந்து பேர் படுத்திருக்கும் அறையில் பதினைந்து வயதுப் பெண் எதைப் பேசுவாள்? செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் 2012-இல் தொடங்கிய ‘ஐகால்’ சேவை, தொலைபேசியோடு மின்னஞ்சலையும் உரையாடல் செயலியையும் ஏற்றது இந்தக் கோணத்தில் முக்கியமானது: தட்டச்சு ஒலிக்காது. அவள் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இந்தியும் தமிழும் கலந்து, ரோமன் எழுத்தில். ‘மனச்சோர்வு’ என்ற சொல் அதில் வராது. ‘மூட் ஆஃப்’ வரும். நம் கலைச்சொல் பட்டியல்களில் அதற்கு இன்னும் இடமில்லை.