சிவாலிக் பாலூட்டிகள்: காலக்கணிப்பும் இனவளத்தின் ஏற்ற இறக்கமும்

இமயமலையின் தென்னடிவாரத்தில், பாகிஸ்தானின் போத்வார் மேட்டுநிலம் தொடங்கி இந்தியா, நேபாளம் வழியே நீள்வது சிவாலிக் பாறைத்தொகுதி. வளர்ந்துவந்த இமயத்தை அரித்து ஆறுகள் கொணர்ந்த மணலும் வண்டலும் இறுகி உருவான தொகுதி இது. போத்வாரில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே படிந்துவந்த இவ்வடுக்குகளில் யானை, ஒட்டகச்சிவிங்கி, குதிரை, காண்டாமிருகம், குரங்கு, எலி முதலியவற்றின் எலும்புகளும் பற்களும் புதைந்துள்ளன. நிலவாழ் பாலூட்டிச் சமூகம் ஒன்றின் மாற்றத்தை ஒரே வட்டாரத்தில் இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தொடர வாய்ப்பளிக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே.

உருவ ஒப்பீட்டின் காலம்

1830களில் கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும், சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஹியூ பால்கனரும் இம்மலைகளில் பெருமளவில் புதைபடிவங்களைத் திரட்டினர். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த சிவதீரியம் என்னும் பேருருவ விலங்கை அவர்கள் 1836இல் அறிவித்தனர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த கய் பில்கிரிம், 1910க்கும் 1913க்கும் இடையில் வெளியிட்ட கட்டுரைகளில் சிவாலிக் விலங்குகளை ஐரோப்பியப் புதைபடிவங்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார். சிஞ்சி, நக்ரி, தோக் பதான் என்னும் போத்வார்ச் சிற்றூர்களின் பெயர்கள் அவ்வழியே பாறை அடுக்குகளின் பெயர்களாக நிலைத்தன.

இம்முறை எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் காட்டியதே தவிர, ஆண்டுக்கணக்கைத் தரவில்லை. அதில் ஒரு சுழல்வாதமும் ஒளிந்திருந்தது. வட அமெரிக்காவில் தோன்றி ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பரவிய ஹிப்பாரியன் என்னும் மூவிரல் குதிரை ஓர் அடுக்கில் கிடைத்தால், அது ஐரோப்பாவின் ஹிப்பாரியன் அடுக்குக்குச் சமகாலத்தது என்று கொள்ளப்பட்டது. அக்குதிரை இரு இடங்களுக்கும் ஒரே காலத்தில் வந்ததா என்ற கேள்விக்கு அக்குதிரையே சான்றாக முடியாது. விலங்குகளைச் சாராத கடிகாரம் ஒன்று தேவைப்பட்டது.

காந்தப் பதிவும் எரிமலைச் சாம்பலும்

1970களில் டேவிட் பில்பீம் தலைமையிலான குழுவும் பாகிஸ்தான் புவியியல் ஆய்வுத்துறையும் போத்வாரில் கூட்டாய்வு தொடங்கின. நீல் ஆப்டைக், நோய் ஜான்சன் முதலியோர் அங்கே தொல்காந்த முறையைக் கையாண்டனர். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பதித்துக்கொள்கின்றன. புவியின் வட, தென் காந்த முனைகள் பலமுறை இடம் மாறியுள்ளதால், அடுக்குகளை வரிசையாகச் சோதித்தால் நேர்த்திசையும் எதிர்த்திசையும் மாறி மாறி வரும் கோலம் கிடைக்கும். அக்கோலம் உலகளாவிய காந்தக் கால அட்டவணையோடு பொருத்தப்படுகிறது. சுமார் 1 கோடியே 10 லட்சம் முதல் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான நீண்ட நேர்த்திசைக் காலம் இதற்கு நல்ல அடையாளம். பொருத்தம் சரிதானா என்பதை, இடையிடையே கிடைக்கும் எரிமலைச் சாம்பலிலுள்ள சிர்க்கான் படிகங்களின் வயது உறுதிசெய்கிறது.

1982இல் வெளியான காலவரையறை, சிவாலிக்கில் ஹிப்பாரியனின் வருகையை 95 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்றது. புதிய கண்டெடுப்புகளாலும் கால அட்டவணையின் திருத்தத்தாலும் அது பின்னர் சுமார் 1 கோடியே 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என மாறியது.

இனவளத்தின் போக்கு

இனங்களின் எண்ணிக்கையை நேரே கூட்டிப் பார்த்தால் பிழை நேரும். அதிகம் தோண்டிய அடுக்கில் அதிக இனங்கள் கிடைக்கும். பெரிய எலும்பு நிலைக்கும், சிறியது அழியும். எனவே ஆய்வாளர்கள் மண்ணைச் சல்லடையில் அலசி எலிப் பற்களையும் சேகரித்தனர். ஓர் இனம் எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பதைக் கொண்டு, அதன் உண்மையான தோற்றமும் மறைவும் எந்த எல்லைக்குள் அமையும் என மதிப்பிட்டனர்.

இவ்வாறு தெளிந்த சித்திரத்தில், கொறிவிலங்குகளும் இரட்டைப்படைக் குளம்பிகளும் 1 கோடியே 50 லட்சம் முதல் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் பெருகி, பின்னர் குறைந்தன. சிஞ்சி அடுக்கு படிந்த காலத்தில் பல இனங்களாக வாழ்ந்த சருகுமான் குடும்பம் பின்னாளில் சுருங்கியது. மாட்டினக் குடும்பம் ஓங்கியது. சிவபிதேகஸ் என்னும் வாலில்லாக் குரங்கு சுமார் 85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பதிவிலிருந்து மறைந்தது.

ஜான் பேரியும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 1 கோடியே 7 லட்சம் முதல் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் மூன்று குறுகிய பெருமாற்றங்களைச் சுட்டியது. அவை 1 கோடியே 3 லட்சம், 78 லட்சம், 73 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை.

காரணத்தைத் தேடுவோருக்குப் புதைமண்ணின் கரிம ஓரிடத்தான்கள் உதவின. ஜே குவேட், துரே செர்லிங் ஆகியோர் 1989இல் காட்டியபடி, 74 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இவ்வெள்ளச் சமவெளியில் மரஞ்செடிகளின் இடத்தை வெப்பப் புல்வெளி பிடித்தது. விலங்குகளின் பல் எனாமலிலுள்ள ஓரிடத்தான்களும் அதையே சொன்னன: புல்லுக்கு மாறிய விலங்குகள் தங்கின, தழையையும் கனியையும் நம்பியவற்றில் பல மறைந்தன. புல்வெளி பரவியதற்குப் பருவமழையின் மாற்றம் காரணமா, காற்றில் கரியமில வாயு குறைந்தது காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

எனினும் முதற் பெருமாற்றம் புல்வெளிக்குப் பல லட்சம் ஆண்டுகள் முந்தியது. ஆகவே சிவாலிக் மாற்றங்கள் அனைத்தையும் புல்வெளியின் விளைவு என்று கொள்வதற்கில்லை. பின்னிரண்டு மட்டுமே அதன் காலத்தை ஒட்டி அமைகின்றன. பில்கிரிமின் ஒப்பீட்டு வரிசை மட்டும் கையில் இருந்திருந்தால் இந்த வேறுபாடு புலப்பட்டிருக்காது.