குண்டுக்குப் பூச்சு போட்டார்கள், வார்த்த கைக்கு?

இன்னிக்கு கொஞ்சம் நீளமான இழை. துப்பாக்கிக் குண்டைப் பற்றி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்னு தோணலாம். நான் எழுதப்போவது குண்டடி பட்டவரைப் பற்றி இல்லை, குண்டை வார்த்தவரைப் பற்றி. படித்து முடிக்கும்போது விஷயம் உங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்து நிற்கும். பொறுமையா படிங்க.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம் "ஈயம்" என்று ஒரே பெயரில் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் ஈயமும் வெள்ளீயம். வண்டி பேட்டரியில் இருப்பதும், வீச்சு வலையின் ஓரத்தில் கோர்த்திருக்கும் குண்டும், துப்பாக்கிக் குண்டும் காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327 டிகிரியில். முன்னது சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகும். பின்னது விஷம்.

சரி, திருச்சிக்கு வருவோம். வருடம் 1751.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் போட்டி. முகமது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி துணை, சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருக்க, எதிரிப் படை வெளியே முற்றுகை. அந்த முற்றுகையின் பிடியைத் தளர்த்தத்தான் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் போய்ப் பிடித்தார்.

1752-ல் மேஜர் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு வந்ததும் நிலைமை தலைகீழ் ஆனது. பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் ஒதுங்கினார். திருவானைக்காவல் கோயிலில் பிரெஞ்சுப் படை, ஸ்ரீரங்கம் கோயிலில் சந்தா சாகிபின் படை. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், வெளியே போக வழியில்லை. ஜூன் மாதம் லா சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதியிடம் போய்ச் சேர்ந்த சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அதோடும் முடியவில்லை. 1753-ல் பொன்மலையைச் சுற்றி மறுபடியும் சண்டை.

நாம் இன்றைக்கு ரயில்வே பணிமனைக்காகத் தெரிந்து வைத்திருக்கும் அதே பொன்மலைதான்.

இந்தச் சண்டைகளில் காலாட்படை சுட்டது காரீய உருண்டை. ஆங்கிலேயர் மஸ்கட் துப்பாக்கிக்கு ஒரு உருண்டை சுமார் 30 கிராம். ஏன் காரீயம்? விறகு அடுப்பிலேயே உருகும். கனம் அதிகம், அதனால் வேகம் சீக்கிரம் குறையாது. மெதுவானது, அச்சில் ஊற்றினால் சொன்னபடி கேட்கும். இடுக்கி மாதிரி ஒரு அச்சு, ஒரு கரண்டி, ஒரு சட்டி போதும். பெரிய பட்டறை வேண்டாம், முகாமிலேயே வார்த்துக்கொள்ளலாம்.

லாரன்ஸ், கிளைவ், லா எல்லோரும் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறார்கள். அந்தச் சட்டியைக் கிளறிக் கசடு வழித்தவர்கள் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் துப்பாக்கி மாறியது. குழலுக்குள் சுழல் பள்ளங்கள் வெட்டினார்கள். குண்டு சுழன்று போனால் குறி தப்பாது. ஆனால் ஒரு சிக்கல். பள்ளத்தில் உரசிப் போகும்போது மெதுவான காரீயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். நாலு குண்டு சுட்டால் குழல் அடைக்க ஆரம்பிக்கும்.

ஆக, குண்டுக்கு ஒரு பூச்சு தேவைப்பட்டது. முதல் பூச்சு கொழுப்பும் மெழுகும். 1853-ம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவில் குண்டைச் சுற்றிய காகிதத்துக்குக் கொழுப்பு தடவினார்கள். அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். தடவியது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற கேள்விதான் 1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறி. காரணங்கள் இன்னும் பல உண்டு. ஆனால் பொறி விழுந்த இடம் குண்டின் பூச்சு.

இரண்டாவது பூச்சு செம்பு. 1882-ல் சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் காரீயக் குண்டுக்குச் செம்பு உறை போட்டார். குண்டின் வேகம் கூடக் கூட வெறும் காரீயம் தாங்காது என்பதால் உலகம் முழுக்க ராணுவங்கள் உறை போட்ட குண்டுக்கு மாறின.

மூன்றாவது பூச்சுதான் இன்றைக்குப் பேச்சு. பவுடர் கோட்டிங். உங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கும் பீரோவுக்கும் அடிக்கிறார்களே, அதே பாலியஸ்டர் பவுடர். அமெரிக்கா மாதிரி நாடுகளில் துப்பாக்கி வைத்திருக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் வீட்டிலேயே குண்டு வார்த்து, நூறு இருநூறாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பவுடரோடு போட்டுக் குலுக்குகிறார்கள். உரசலில் உண்டாகும் மின்னேற்றத்தால் பவுடர் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சின்ன மின்சார அவனில் சுமார் 200 டிகிரியில் சுட்டு எடுத்தால் பவுடர் உருகி, கெட்டித் தோலாக இறுகிவிடும். குண்டு உருகாது. குழலில் காரீயம் அப்பாது, கொழுப்பும் புகையும் இல்லை, கலர் கலரா வேற இருக்கும்.

(நம் நாட்டில் இதை யோசிக்கவே வேண்டாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். திருச்சியில் துப்பாக்கி செய்ய 1966-ல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. பக்கத்திலேயே டாங்கிக் குண்டுகளுக்கான டங்ஸ்டன் ஊடுருவிகள் செய்யும் ஆலையும் இருக்கிறது.)

இப்போ டாக்டரா ஒரு கேள்வி. கொழுப்பு, செம்பு, பவுடர். முந்நூறு வருஷத்தில் இத்தனை பூச்சு கண்டுபிடித்தோமே, எல்லாம் யாரைக் காப்பாற்ற?

துப்பாக்கிக் குழலை.

வார்ப்பவரைக் காப்பாற்ற இல்லை. பவுடர் பூசிய குண்டைத் தொட்டால் கையில் காரீயம் ஒட்டுவது குறையும், உண்மை. ஆனால் பூச்சு வருவதற்கு முன்பே முக்கியமான வேலை முடிந்துவிடுகிறது. பழைய காரீயத்தை உருக்கி, மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடை வழித்து, தரையில் கொட்டி, கூட்டிப் பெருக்கியாச்சு.

நிறைய பேர் பயப்படுவது புகையைப் பார்த்து. குண்டு வார்க்கும் சூட்டில் காரீய ஆவி குறைவுதான், சூடு அளவுக்கு மீறினால்தான் அது பெரிய பிரச்சினை. எப்போதும் இருக்கும் எதிரி அந்தக் கசடும் தூசியும். கையில், சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். அதே அவனில் அப்புறம் பன் சுட்டால் கேட்கவே வேண்டாம்.

இது இன்று நேற்று தெரிந்ததில்லை. பிரிட்டனில் 1895-லேயே தொழிற்சாலையில் யாருக்காவது காரீய நஞ்சு ஏறினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1898-ல் தொழிற்சாலைகளுக்கான முதல் மருத்துவ ஆய்வாளராக வந்த தாமஸ் லெக் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இதைத்தான்: தொழிலாளி கை கழுவவில்லை என்று பழி போடாதீர்கள், அவர் மூச்சில் போகும் தூசியை முதலில் நிறுத்துங்கள்.

காரீயம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரத்தத்தில் இருக்கும் காரீயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்பில் இருப்பது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்.

பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் சுமார் 10 சதவீதம் உடம்பில் ஏறும். சின்னக் குழந்தைகளுக்கு 40 முதல் 50 சதவீதம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். அவ்வளவுதான்.

அறிகுறி எப்படி இருக்கும்? வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, எரிச்சல், படிப்பில் பின்தங்குவது. எல்லாமே வேறு எதாலும் வரக்கூடியவை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ரத்தத்தில் அளவு பார்த்தால்தான் தெரியும். இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் பெட்ரோலில் காரீயத்தை 2000-ல் நிறுத்தினோம். வீட்டு பெயிண்டில் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017-ல் அமலுக்கு வந்தது. இருந்தும் 2020-ல் வந்த யுனிசெஃப் அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்கள் யாரும் துப்பாக்கியைத் தொட்டவர்கள் இல்லை.

ஆகவே நண்பர்களே, நம் ஊருக்கு இதுதான் விஷயம்:

வலைக்குக் குண்டு வார்க்க, எடைக்கட்டி செய்ய, எதுக்காகவும் வீட்டில் காரீயம் உருக்காதீங்க. பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது இன்னும் மோசம். பேட்டரியை முறையான கடையில் திருப்பிக் கொடுங்க.

பேட்டரி, ரேடியேட்டர், சால்டரிங் வேலை செய்பவரா? வேலைச் சட்டையையும் செருப்பையும் பட்டறையிலேயே விட்டுட்டு, குளிச்சிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க. பட்டறையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீங்க, ஈரத்துணியால் துடைங்க.

ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. விலை மலிவுன்னு வாங்கும் சொம்பில் காரீயம் கலந்திருந்தால், புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துடும். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுகிறதா, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா, உடனே சந்தேகப்படுங்க. கோடு விழலைன்னா சுத்தம்னு அர்த்தமில்லை, கலப்படம் சோதனைக் கருவியில்தான் உறுதியாகும். சந்தேகம் வந்த சொம்பில் ரசம் வைக்காதீங்க.

வீட்டில் யாராவது இந்த வேலைகளில் இருந்து, குழந்தைக்குக் காரணம் தெரியாத ரத்தசோகையோ வயிற்று வலியோ இருந்தால், டாக்டரிடம் அப்பாவின் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்க. அவர் கேட்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க. அந்த ஒரு வரியில்தான் பல நேரம் நோயே பிடிபடும்.

பேட்டரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்க.