அணையாத அடுப்பு: மும்பைத் தமிழர் உணவும் பேரிடர்களும், 1896–2020

பேரிடருக்குப் பின் ஊர் கூடிச் சமைப்பது உலகில் பல இடங்களிலும் உள்ள வழக்கம். ஜப்பானில் அதைத் 'தகிதாஷி' என்பார்கள். 1995இல் கோபே நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தபோதும், 2011இல் வடகிழக்குக் கரையைச் சுனாமி வாரிச் சென்றபோதும், அண்டாக்களில் மிசோ சூப் கொதித்தது. அக்கம்பக்கத்தார் கூடி 'ஓனிகிரி' என்னும் சோற்றுருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். நெருக்கடி தணிந்ததும் அந்த அடுப்புக்கு வேலை முடிந்துவிடும். மும்பையில் நடந்தது வேறு. இங்கே ஆபத்துக்கு மூட்டிய அடுப்பு பிழைப்புக்கான அடுப்பாக நின்றுவிட்டது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது.

தொடக்கம் 1896 செப்டம்பர். மாண்ட்வி பகுதியில் டாக்டர் அக்காசியோ வியேகாஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். சில மாதங்களில் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடினர். நெரிசலே நோய்க்குக் காரணம் என்று நம்பிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. அந்த டிரஸ்ட் வடக்கே வகுத்த புதுக் குடியிருப்புகளுள் ஒன்றுதான் தாதர்–மாட்டுங்கா. அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த தஞ்சாவூர், பாலக்காட்டு இளைஞர்கள் குடியேறினர். தென்னிந்தியர் என்ற பொது அடையாளம் இந்த வீடுகளில் உருவான விதத்தை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1937இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என்று சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக வந்தன.

இந்த ஆண்டுகளைப் போரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரத்து நின்றது. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் முறை வந்தது. அரிசியே சோறு என்றிருந்த குடும்பங்கள் கோதுமைக்கும் பழக வேண்டியதாயிற்று. பெங்களூரில் எம்.டி.ஆர். கடை, போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில்தான் ரவா இட்லியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருந்த குமாஸ்தாவுக்குச் சமைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அளந்து கிடைத்த தானியத்தைக் கொண்டு பலருக்குமாகச் சேர்த்துச் சமைக்க மெஸ் ஒன்றே வழி. போர்டிங் சாப்பாடு இந்தக் காலத்தில் ஊன்றிக்கொண்டதற்கு அதன் ருசியைவிட இந்தக் கணக்கே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஆனால் அந்தப் பந்தியில் எல்லாத் தமிழருக்கும் இலை விழவில்லை. மாட்டுங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள தாராவியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்துத் தோல் தொழிலாளர் குடியிருந்தனர். பலர் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் ஆவர். மொழி ஒன்றாக இருந்தும் சாதி அடுப்பைப் பிரித்தே வைத்தது. பேரிடர் மக்களைச் சேர்க்கும் என்று பொதுப்படப் பேசுவோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1947இல் நாடு பிரிந்தது. செம்பூரில் இருந்த ராணுவக் கொட்டகைகள் சிந்தி அகதிகளின் முகாம்களாயின. கையில் காசில்லாத குடும்பங்களில் பெண்கள் அப்பளமும் ஊறுகாயும் போட்டு விற்றார்கள். மொறுமொறுப்பான மைதாப் பக்வானைக் கடலைப்பருப்போடு தின்னும் 'தால் பக்வான்' வீட்டுக் காலைப் பலகாரம். அதுவே இன்று செம்பூர் கேம்ப் என்றதும் நினைவுக்கு வரும் கடைத் தீனி. சயான் கோலிவாடாவில் குடியேறிய பஞ்சாபி அகதிகள் இறாலைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தார்கள். மீனவர் குப்பத்தின் பெயரால் நாடெங்கும் விற்கும் 'கோலிவாடா இறால்' மீனவர் பண்டமன்று, அகதிகளின் பண்டம் என்பது பலருக்குத் தெரியாது.

தென்னிந்தியரை எதிர்த்து 1966இல் சிவசேனைக் கட்சி தொடங்கியபின் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. பின்னாளில் வடாபாவை அக்கட்சி மராட்டியரின் உணவாக முன்னிறுத்தியது. தமிழரின் பிழைப்பாக இருந்த இட்லி அப்போது அரசியல் குறியாகவும் ஆனது.

தாராவி இட்லி இந்த வரலாற்றின் இன்னொரு கிளை. தோல் தொழில் தேயத் தேய, தமிழ்க் குடும்பங்கள் பல பலகாரத் தொழிலுக்கு வந்தன. முந்தின நாள் மாவாட்டி, விடியுமுன் அவித்து, சாம்பாரையும் சட்னியையும் பாத்திரங்களில் ஊற்றி, சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி நகரமெங்கும் போகிறார்கள். மாட்டுங்கா மெஸ்ஸில் இட்லி தின்ன அந்தப் பந்திக்குப் போக வேண்டும். தாராவி இட்லி சாதி கேட்காமல் தெருவில் இறங்கியது. ஆனால் தெருவில் இறங்கிய இட்லி மதப் பிளவை ஆற்றிவிடவில்லை. 1992–93 மும்பை இந்து–முஸ்லிம் கலவரத்தில் சுமார் 900 பேர் இறந்தனர் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அதன்பின் தாராவியில் நல்லிணக்கத்துக்காக உழைத்தவர்கள் பாவு கோர்டே, வக்கார் கான் போன்றோரும் மொஹல்லா கமிட்டிகள் என்னும் அக்கம்பக்க அமைதிக் குழுக்களும்தான். அந்தப் பெருமையைச் சமையலுக்குக் கொடுப்பது மிகை.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா தொற்று தெரிந்தது. இட்லி சைக்கிள்கள் நின்றன. பலர் சொந்த ஊர் திரும்பினர். மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் உணவுப் பொட்டலங்களும் ரேஷன் மூட்டைகளும் கொடுத்தன. மாநகராட்சியின் கிச்சடி ஒப்பந்தத்தில் அளவு குறைத்துக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2023இல் வழக்கும் பதிவாயிற்று. பொட்டலம் பசியைத் தணிக்கும். ஆனால் வாங்கியவர் கைக்குத் தொழிலாகத் திரும்பி வராது. ஊரடங்கு தளர்ந்து மாவு கிரைண்டர்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோதுதான் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் வந்தது.

தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தகுதி பெறுவோருக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். இரவில் படுக்கையறை, விடியுமுன் இட்லிக் கொட்டடி, மதியம் மாவாட்டும் இடம் என்று ஒரே அறையை மூன்றாகப் புழங்கும் குடும்பத்தைக் குடியிருப்பு அல்லது கடை என்று ஏதோ ஒன்றாக மட்டும் எழுதிக்கொண்டால், அந்தக் கணக்கில் அடுப்பு விடுபட்டுப் போகும்.