சட்டைப் பையில் அடங்கும் பிஸ்டல்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் தங்கை மகன், போன வருஷம் தீபாவளிக்கு மறுநாள் வீடியோ காலில் வந்தான். "மாமா, ஒண்ணு காட்டுறேன் பாருங்க" என்று ஒரு மரப்பெட்டியைத் திறந்தான். உள்ளே பச்சை வெல்வெட் துணியின் மேல் நான்கு சின்னஞ்சிறு பிஸ்டல்கள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். கை விரித்த அளவுகூட இல்லை. "இது கோல்ட் கம்பெனி வெஸ்ட் பாக்கெட் மாமா. 1908-ல வந்த மாடல். பாயின்ட் டூ ஃபைவ்" என்றான்.

அவனுக்குத் தபால்தலை சேர்ப்பது போல இது ஒரு பொழுதுபோக்கு. சுடுவதே இல்லையாம். எண்ணைப் பார்ப்பது, எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடிப்பது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது, அவ்வளவுதான். அந்த நாட்டில் 50 வருஷத்துக்கு மேற்பட்ட பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே தனி லைசென்ஸ் இருக்கிறது.

"நம்ம ஊர்ல இப்படி யாராவது சேர்ப்பாங்களா மாமா?" என்று கேட்டான்.

தாலுகா ஆபீஸ்களில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன் நான். துப்பாக்கி லைசென்ஸ் விசாரணை ஃபைல்கள் எத்தனையோ என் மேஜையைக் கடந்து போயிருக்கின்றன. உடனே "கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பதில் முழுக்கச் சரியில்லை என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சின்னப் பிஸ்டல் எப்படி வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர் ஜான் மோசஸ் ப்ரௌனிங். அவர் வடிவமைத்த பிஸ்டல் ஒன்றை பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை 1900-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்டது. அதற்காகவே செய்த தோட்டாதான் 7.65 மில்லிமீட்டர். நம் ஊரில் அதைப் பாயின்ட் த்ரீ டூ என்பார்கள். சில வருஷங்களில் அதைவிடச் சிறியதாக 6.35 மில்லிமீட்டர் பிஸ்டலும் வந்தது. இதுதான் பாயின்ட் டூ ஃபைவ். எடை அரைக் கிலோகூட இல்லை. ரிவால்வர் போல நடுவில் உருளை கிடையாது. தட்டையாக இருக்கும். கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது.

வெளியே தெரியாது என்பதுதான் அதன் சரித்திரமே. 1909-ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 ப்ரௌனிங் பிஸ்டல்களை ஒரு டிரங்குப் பெட்டியின் இரட்டை அடித்தட்டில் மறைத்து பம்பாய்க்கு அனுப்பினார். அந்த வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து நம் பக்கம். 1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர், முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து கொழும்பு போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். அவர் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் பிஸ்டல்தான். அதே பிஸ்டலால் தன்னையும் மாய்த்துக்கொண்டார். இன்று அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். நம்மில் பலர் அந்த வழியாகத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போய் வந்திருக்கிறோம்.

சரி, சேர்ப்பது என்ற பேச்சுக்கு வருவோம். நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு வளராததற்கு நீண்ட காரணம் உண்டு. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டார். அதன் பிறகு 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம். அதில் வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதுச் சட்டம் வந்து 1962 அக்டோபரில் அமலானது. ஆளுக்கு மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. இரண்டை வைத்து என்ன சேர்ப்பது?

ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் ரகங்களான பாயின்ட் த்ரீ எய்ட், ஒன்பது மில்லிமீட்டர் போன்றவை பொதுமக்களுக்குக் கிடையாது. மிஞ்சியது பாயின்ட் த்ரீ டூ, பாயின்ட் டூ ஃபைவ் போன்ற சின்ன ரகங்கள்தான். 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதியும் ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு இங்கே எக்கச்சக்க விலை. அமெரிக்காவில் என் மருமகன் ஒரு மாதச் சம்பளத்துக்குள் வாங்கியது, இங்கே கார் விலைக்குப் போகும்.

நான் பார்த்த அப்படிப்பட்ட பிஸ்டல் ஒன்றே ஒன்று. வேறொரு தாலுகாவில் வேலை பார்த்தபோது, ஒரு பெரியவர் இறந்து காரியம் முடிந்த கையோடு அவர் மகன் வந்தார். அப்பா பெயரில் லைசென்ஸ், ஒரு பாயின்ட் டூ ஃபைவ் பிஸ்டல். அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வேட்டி மடிப்பிலிருந்து துண்டில் சுற்றியதை எடுத்து மேஜையில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இது எப்ப வாங்குனது, யாருகிட்ட வாங்குனது?" என்று கேட்டேன். "தெரியலைங்க. அப்பா சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை" என்றார். லைசென்ஸ் புத்தகத்தில் ஓர் எண்ணும் ஒரு தேதியும் மட்டும் இருந்தன. ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போனார். தன் பெயருக்கு மாற்ற அவர் கேட்கவில்லை. கதை அந்தப் பெரியவரோடு போய்விட்டது.

எண்ணும் கதையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் இருக்கிறது. 1928 டிசம்பர் 17-ல் லாகூரில் சாண்டர்ஸ் கொலையில் பகத்சிங் பயன்படுத்திய பாயின்ட் த்ரீ டூ கோல்ட் பிஸ்டல், பில்லௌர் போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து மற்ற ஆயுதங்களோடு இந்தூர் எல்லைப் பாதுகாப்புப் படை மியூசியத்துக்குப் போனது. அங்கே கறுப்புப் பெயின்ட் பூசி, இன்னாருடையது என்று தெரியாமலே பல வருஷம் கிடந்தது. ஒரு பத்திரிகையாளர் பழைய ரெக்கார்டுகளில் எண்ணைத் தேடி எடுத்த பிறகு, பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். எண் பொருந்தியது. 2017-ல் அது பஞ்சாபில் ஹுசைனிவாலாவுக்கு மக்கள் பார்வைக்கு வந்தது. அலகாபாத் மியூசியத்தில் சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் பிஸ்டல் இருக்கிறது. அதை ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், பிறகு திரும்பி வந்தது.

ஆக, நம் நாட்டில் பழைய பாக்கெட் பிஸ்டல் சேர்ப்பவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அவர் பெயர் அரசாங்கம். கோர்ட்டும் போலீஸும் மியூசியமும்தான் அவருடைய அலமாரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வழக்கும் ஒரு மரணமும் எழுதியிருக்கும்.

தைப் பொங்கலுக்கு மருமகன் மேலூர் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டான். காணும் பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் அவனை மதுரை தமுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்து வைத்த காந்தி மியூசியம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்த இடம்தான். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது.

அவன் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்தப் பிஸ்டல் எனக்குத் தெரியும் மாமா. இத்தாலியில செஞ்ச பெரெட்டா, 1934. நம்பர் 606824. சேர்க்கிறவங்க எல்லாருக்கும் அந்த நம்பர் தெரியும். ஆனா இந்தத் துணி மதுரையில இருக்குன்னு எனக்குத் தெரியாது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் பொழுதுபோக்கை நான் குறை சொல்லவில்லை. இரும்பையும் எண்ணையும் பத்திரமாக வைப்பவர்கள் இல்லாவிட்டால் பகத்சிங் பிஸ்டல் இன்னும் பெயின்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கும். ஆனால் பிஸ்டலுக்கு இரண்டு முனை உண்டு. பிடியின் பக்கத்தை உலகம் முழுக்கச் சேர்த்து வைக்கிறார்கள். மறுபக்கம் பட்டதை நம் மதுரை வைத்திருக்கிறது.

கடைசியாக வாசகப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா காலத்துப் பிஸ்டலோ நாட்டுத் துப்பாக்கியோ கிடந்தால், பழசுதானே என்று ஒளித்து வைக்காதீர்கள். இனி எந்த வகையிலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. மற்றதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில்தான். முறைப்படி ஒப்படையுங்கள். அதற்கு முன் எண்ணையும், வாங்கியது யார், எப்போது, எதற்கு என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்றைக்கு என் மேஜைக்கு வந்த அந்த மகனிடம் அப்படி ஒரு பக்கம் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையில் அவர் அப்பாவைப் பற்றியும் நாலு வரி எழுதியிருப்பேன்.