சாயோ: ஒரு சுருளுக்குள் இருக்கும் வரலாறு



ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்தும் பழக்கம் என்னை விடவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பாடம் வியட்நாம். அந்த நாடு என்றதும் போரும் ஹோ சி மின்னும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அவர்கள் புத்தாண்டான 'டெட்' நாளில் வீட்டில் பொரிக்கும் சைவச் சுருளைப் பற்றி. தெற்கே அதன் பெயர் 'சாயோ'. வடக்கே 'நெம் ரான்'. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ, நம் தை மாசியை ஒட்டி வரும் பண்டிகை அது.

முதலில் மேல்தாளைப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இலை வடாம் போடுவார்கள் அல்லவா? அரைத்த அரிசி மாவை இலையில் மெல்லிசாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, உரித்துக் காயவைப்பார்கள். அங்கே இலைக்குப் பதில் கொதிக்கும் பானையின் வாயில் இறுகக் கட்டிய துணி. அதில் மாவை ஊற்றித் தேய்த்து, வெந்ததும் எடுத்து, மூங்கில் தட்டிகளில் வெயிலில் உலர்த்துவார்கள். சீனாவின் வசந்தச் சுருளுக்குக் கோதுமை மாவு. வியட்நாம் நெல் விளையும் பூமி, ஆகவே அங்கே அரிசி. சீனா அந்த நாட்டை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், கி.பி. 938 வரை, ஆண்டது. சுருட்டும் வித்தை வடக்கிலிருந்து வந்திருக்கலாம். சுருட்டும் தாள் அவர்கள் மண்ணுடையது.

இனி உள்ளே இருப்பவை. சேப்பங்கிழங்கும் பாசிப்பருப்பும் நமக்குத் தெரிந்தவை. கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய சேமியாவுக்குத் தெற்கு வியட்நாமில் 'பூன் தாவ்' என்று பெயர். 'தாவ்' என்றால் சீனம். கேரட்டுக்கு அவர்கள் சொல்வது 'கா ரொட்'. அது பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். எந்தக் கல்வெட்டும் இல்லாமலே யார் யார் வந்து போனார்கள் என்று ஒரு தட்டு உணவு சொல்லிவிடுகிறது.

வழக்கமான சாயோவில் பன்றி இறைச்சியோ இறாலோ இருக்கும். அப்படியானால் சைவச் சாயோ எங்கிருந்து வந்தது? வியட்நாமில் பரவியது மகாயான பௌத்தம். அந்த மரபில் துறவிகள் புலால் உண்பதில்லை. இல்லறத்தார் பலர் அமாவாசையை ஒட்டி வரும் மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் மட்டும் சைவம் சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டின் முதல் நாளை ஓர் உயிரைக் கொன்று தொடங்கக் கூடாது என்று அன்றைக்குச் சைவமாகவே சமைக்கும் குடும்பங்கள் நிறைய. விரதச் சமையலில் பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்களும் உண்டு. மீன் சாறுக்குப் பதில் சோயா சாறு. முதல் மாதப் பௌர்ணமிக்கும் இதே சமையல்தான்.

தெற்கே தை நின் என்றொரு மாகாணம் இருக்கிறது. 1926இல் அங்கே காவ் தாய் என்ற புதிய சமயம் தோன்றியது. அதைப் பின்பற்றுவோர் மாதம் 6 நாளோ 10 நாளோ சைவம் உண்ண வேண்டும். அதே வட்டாரத்து டிராங் பாங் அரிசித் தாளுக்குப் பேர்போன ஊர். சைவ நாட்களும் அரிசித் தாளும் ஒரே மண்ணில் சேர்ந்ததால், அந்தப் பக்கத்துச் சைவச் சமையல் இன்றும் பெயர் பெற்றது.

இந்தப் பண்டத்தின் கடினமான காலம் ஒன்றும் உண்டு. 1975இல் போர் முடிந்து நாடு ஒன்றானது. 1986 டிசம்பரில் பொருளாதாரக் கொள்கை மாறும் வரை அரிசியும் எண்ணெயும் கூப்பனுக்குத்தான். டெட் வந்தால் குடும்பத்துக்கு ஒரு பண்டிகைப் பை கொடுப்பார்கள். அதில் கொஞ்சம் சேமியா, உலர்ந்த காளான், பாசிப்பயறு, தேயிலை, இனிப்பு. வருடம் முழுவதும் எண்ணெயை அளந்து ஊற்றிய வீட்டில் அன்று ஒருநாள் வாணலி நிறையும். முன்னோர் படத்துக்கு முன் முதல் தட்டு போகும். பண்டிகைக்கு அவர்கள் ஏன் பொரித்ததைத் தேர்ந்தார்கள் என்பது, ரேஷன் கடை வரிசையில் நின்று தீபாவளி எண்ணெய் வாங்கிய நம் தலைமுறைக்கு விளக்காமலே புரியும்.

அதே ஆண்டுகளில் படகேறி வெளியேறியவர்கள் பல லட்சம் பேர். அரிசித் தாள் கிடைக்காத ஊர்களில் அவர்கள் கோதுமைத் தாளில் சுருட்டினார்கள். தாள் மாறினாலும் அந்த நாளில் அதைச் செய்வதை விடவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பலர் அரசு வேலைக்கும் ராணுவத்துக்கும் சைகோன் போனார்கள். நகரத்தார் அங்கே வட்டித் தொழில் நடத்தினார்கள். தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் இருக்கிறது. இப்போது அங்கே வந்து கும்பிடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரே. 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. அங்கிருந்து திரும்பியவர்களில் சிலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தார்கள். அந்தப் பெண்கள் வழியாகத்தான் புதுச்சேரி வீடுகளில் சாயோ நுழைந்தது. பெயர்கூட மாறவில்லை.

செய்முறை கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். பாசிப்பருப்பை ஊறவைத்து, குழையாமல் வேகவையுங்கள். சேமியாவையும் உலர்ந்த கருங்காளானையும் வெந்நீரில் ஊறவைத்துப் பொடியாக நறுக்குங்கள். சேப்பங்கிழங்கையும் கேரட்டையும் துருவி, உப்புப் போட்டுச் சிறிது நேரம் வைத்து, நீரை இறுகப் பிழியுங்கள். ஈரம் இருந்தால் சுருள் வெடிக்கும், எண்ணெய் தெறிக்கும். எல்லாவற்றையும் மிளகுத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். அரிசித் தாளைத் தண்ணீரில் முக்காமல், ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு ஓரத்தில் பூரணம் வைத்து, இருபக்கமும் மடித்து, விரல் நீளத்துக்குச் சுருட்டுங்கள். மிதமான சூட்டில், மடிப்பு கீழே இருக்கும்படி, ஒன்றோடொன்று ஒட்டாமல் போடுங்கள். வெளுப்பாக எடுத்து ஆறவிட்டு, பரிமாறும்போது இரண்டாம் முறை பொரித்தால் மொறுமொறுப்பு நிற்கும். தொட்டுக்கொள்ள சோயா சாறு, எலுமிச்சை, சர்க்கரை, மிளகாய், கொஞ்சம் தண்ணீர். புதினா, கொத்தமல்லியோடு கீரை இலையில் சுற்றிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். சைகோனில் பிறந்து, 1954ஐ ஒட்டிச் சிறு குழந்தையாகப் புதுச்சேரிக்கு வந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தாயின் கையைப் பார்த்துச் சாயோ சுருட்டக் கற்ற கடைசித் தலைமுறை அவர்கள்தான். ஆவணக் காப்பகத்தில் கப்பல் பயணிகள் பட்டியல் கிடைக்கலாம், இந்தப் பெண்கள் அடுப்படியில் என்ன பேசினார்கள் என்பது கிடைக்காது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். சைவத்துக்கு என்ன வைத்தார்கள், எந்த நாளில் செய்தார்கள், முதல் தட்டு யாருக்குப் போனது என்று எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இந்தத் தேர்வுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.