கைத்துப்பாக்கி: முதற் சோதனையும் துடைப்பும்

புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியை முதன்முறை சுடுவதற்கு முன் செய்யும் சோதனையும் துப்புரவும் பற்றிய குறிப்பு இது. இந்தியாவில் உரிமதாரர்கள் வாங்கும் அரசுத் தயாரிப்புகளுள் ஒன்று, கான்பூரில் உருவான .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்ளி மாதிரியைத் தழுவியது, ஆறு தோட்டா கொள்ளும்.

இந்த ரிவால்வரையே எடுத்துக்கொண்டால், முதல் வேலை, அதை மடித்துத் திறந்து சிலிண்டரின் ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது. கடையிலேயே பார்த்தாயிற்று என்பது போதாது. பிறகு ஆயுத எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். தொழிற்சாலையில் பூசும் துருக்காப்புக் கிரீஸ் சுடுவதற்கான எண்ணெய் அல்ல. அது சுத்தியலைச் சுற்றி இறுகினால் அடி மந்தமாகித் தோட்டா வெடிக்காமல் போகலாம். குழலில் தேங்கினால் அழுத்தம் ஏறும். எனவே கரைப்பானில் நனைத்த துணியைக் கம்பியில் கோத்து, துணி அழுக்கின்றி வரும்வரை குழலையும் அறைகளையும் துடைக்க வேண்டும். கடைசியில் எண்ணெய், மிக மெல்லியதாக. சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் ஆடாமல் பூட்டுகிறதா, மடிப்பைப் பூட்டும் மேற்கொக்கி இறுக்கமா என்றும் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் சுடக் கூடாது. உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடமே கொண்டுபோக வேண்டும்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று எஃகை விரைவில் அரிக்கும். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அதிலேயே நெடுநாள் வைப்பது தவறு. கைரேகையையும் வியர்வையையும் துடைத்தே வைக்க வேண்டும்.