வாத்தியார் வேலை உண்டு, சீட் கிடையாது!

அமெரிக்காவில் எம்.பி.ஹெச். படிக்க விண்ணப்பித்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் விசாரித்துப் பாருங்கள். மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த். பொது சுகாதார மேற்படிப்பு. மார்க் ஷீட், சிபாரிசுக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் எப்படியாவது சேர்த்துவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பது ஒரே ஒரு கட்டுரைதான். இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு? இதுவரை இந்தத் துறையில் என்ன செய்திருக்கிறீர்கள்? ஒன்றிரண்டு பக்கத்துக்குள் பதில் எழுதவேண்டும். அவ்வளவுதான். ஆனால் பேனா நகராது.

1915-ம் வருடம். நியூயார்க்கில் ஒரு டாக்டர், பொது சுகாதாரத்தில் டாக்டர் பட்டம் படிக்க இடம் கேட்டார். மேற்படி இரண்டு கேள்விகளுக்கும் அவரிடம் இருந்த பதிலை இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் சொன்னாலும் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு 'முடியாது' என்று சொல்லிவிட்டது கல்லூரி.

வேடிக்கை என்ன தெரியுமா? அதே படிப்புக்குப் பாடம் நடத்த வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டதும் அதே கல்லூரிதான்!

அவர் பெயர் சாரா ஜோசபின் பேக்கர். (பாரிஸையே ஆட்டிவைத்த பாடகி ஜோசபின் பேக்கர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

1873-ல் பிறந்தவர். வசதியான குடும்பம்தான். பதினாறு வயதில் அப்பாவை டைபாய்டு கொண்டுபோனது. அதே சமயத்தில் சகோதரனும் இறந்துபோனான். கவலையில்லாமல் காலேஜ் போயிருக்கவேண்டிய பெண், இனி சம்பாதித்தாகவேண்டும். டாக்டராகப் போகிறேன் என்றார். எமிலி பிளாக்வெல் நடத்திவந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1898-ல் டாக்டராகிவிட்டார்.

மறுவருடமே அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்கள். நஷ்டம் வந்து மூடவில்லை. நம்பிக்கை வந்து மூடினார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரி ஆரம்பித்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இனி பெண்களுக்குத் தனிக் கல்லூரி எதற்கு? 1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கிய பெண்களில் ஒருவர் நமக்கும் வேண்டப்பட்டவர். வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர். கதவு திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். திறந்தது ஒரு கதவுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

சொந்த கிளினிக்கில் ஜோசபினுக்கு வருமானம் போதவில்லை. 1901-ல் நகர சுகாதாரத் துறையில் இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 டாலர். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் படியேறி, படியேறி நோய்க் குழந்தைகளைத் தேடுகிற வேலை. 1907-ல் 'டைபாய்டு மேரி' என்று உலகமே பேசிய சமையல்காரி மேரி மாலனைப் போலீஸோடு போய்ப் பிடித்துக்கொண்டு வந்தவரும் இவர்தான். திமிறிய மேரியை அடக்க, ஆம்புலன்ஸில் அவர் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிவரை போனாராம்.

ஆனால் அவருடைய பெரிய காரியம் 1908-ல் நடந்தது.

நியூயார்க்கில் கோடைகாலம் வந்தால் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாகும். முக்கியமாக வயிற்றுப்போக்கு. நோய் வந்தபிறகு ஓடுவதில் பிரயோஜனமில்லை, வருவதற்கு முன்னால் போகவேண்டும் என்றார் ஜோசபின். பள்ளிக்கூட விடுமுறையில் சும்மா இருந்த நர்ஸ்கள் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டார். குழந்தை பிறந்ததாகப் பதிவான ஒவ்வொரு வீட்டுக்கும் உடனடியாக ஒரு நர்ஸ் போனார். தாய்ப்பால் கொடு, ஜன்னலைத் திற, தினமும் குளிப்பாட்டு, துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதே. மருந்தா? அதெல்லாம் இல்லை. வெறும் பேச்சுதான்.

கோடை முடிந்து எண்ணிப் பார்த்தார்கள். அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் முந்தின கோடையைவிட 1,200 சாவுகள் குறைந்திருந்தன.

நான் பி.காம். படித்தவன். வரவு எழுதத் தெரியும், செலவு எழுதத் தெரியும். நடக்காமல் போன செலவை எந்தப் பத்தியில் எழுதுவது? பொது சுகாதாரத்தின் சங்கடம் இதுதான். காப்பாற்றப்பட்ட குழந்தைக்கே அது தெரியாது. நன்றி சொல்ல ஆள் வராது. உட்கார்ந்து எண்ணினால்தான் உண்டு. ஜோசபின் எண்ணினார். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் குழந்தைகள் சுகாதாரத்துக்கென்று தனிப் பிரிவே தொடங்கி, அவரைத் தலைவராக்கினார்கள். அவருக்குக் கீழே போடப்பட்ட ஆண் டாக்டர்கள் ஆறு பேர், ஒரு பெண்ணிடம் கைகட்டி நிற்பதா என்று ராஜினாமா கொடுத்தார்கள். ஒரு மாதம் இருந்து பாருங்கள், அப்புறம் போங்கள் என்றார். இருந்தார்கள். போகவில்லை.

இதற்கிடையில் பொது சுகாதாரம் ஒரு படிப்பாகவே வளர ஆரம்பித்திருந்தது. 1913-ல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து சுகாதார அதிகாரிகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கின. 1916-ல் ராக்ஃபெல்லர் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளி நிறுவப்பட்டது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் தன் பங்குக்குப் பொது சுகாதார டாக்டர் பட்டம் கொடுக்க முன்வந்தது. குழந்தைகள் சுகாதாரம் பற்றி யார் பாடம் நடத்துவது? ஊருக்கே தெரிந்த பெயர் ஒன்றுதானே.

வருகிறேன், ஆனால் நானும் அந்த வகுப்பில் மாணவியாகச் சேர்ந்து பட்டம் வாங்கவேண்டும் என்றார் ஜோசபின். கல்லூரி கையை விரித்தது. இங்கே பெண்களைச் சேர்ப்பதில்லையே!

அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பார்த்தார்கள். இந்த விஷயத்தில் அவர் அளவுக்கு விஷயம் தெரிந்த ஆண் ஒருவர்கூட அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் இடம் கொடுத்தார்கள். வகுப்பறைக் காற்றோட்டத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சுவாச நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1917-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

சுபம் போட்டுவிடலாம் என்று பார்த்தால், இன்னொன்று பாக்கி இருக்கிறது.

ஜோசபின் முதல் நாள் பாடம் எடுக்க வாயைத் திறந்ததுமே மாணவர்கள் அத்தனை பேரும் படபடவென்று கைதட்டினார்கள். பாராட்டு அல்ல, கேலி. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டென்று கைதட்டல் நின்றது. ஒரு மணி நேரம் பாடம் நடத்தி முடித்தார். மறுபடியும் அதே கைதட்டல். அன்றைக்கு மட்டுமில்லை. 1915-லிருந்து 1930 வரை ஒவ்வொரு வகுப்பிலும் இப்படித்தான் நடந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கல்லூரியின் விதியை வளைத்தாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் மனசை வளைக்கப் பதினைந்து வருடம் போதவில்லை.

இன்றைக்கு அமெரிக்காவில் பொது சுகாதாரம் படிக்கிறவர்களில் பெண்கள்தான் பெரும்பான்மை. உங்கள் வீட்டுப் பெண்ணும் நாளைக்கு அந்தக் கட்டுரையை எழுத உட்காரலாம். 'மக்களுக்குச் சேவை செய்ய ஆசை' என்று ஆரம்பித்தால் பேனாவைப் பிடுங்கி வையுங்கள். எந்தத் தெருவுக்குப் போனாய், எத்தனை வீட்டுப் படி ஏறினாய், அங்கே என்ன மாறியது, எப்படி எண்ணினாய்? அதை எழுதச் சொல்லுங்கள்.

முப்பது நர்ஸ்கள், ஒரு கோடை, 1,200 குழந்தைகள். ஜோசபின் எழுதியிருந்தால் ஒரு வரியிலேயே முடித்திருப்பார்.